பதினாறாம் லூயியின் கடனும் கெஜலட்டிக் கணவாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி வந்திருந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குடிகள் பசித்திருக்கையில் விருந்துண்டும் வேட்டையாடியும் காலம் கழித்து, கடைசியில் தலையை இழந்த ஒரு மூடராகப் பதினாறாம் லூயியைக் காட்டி அக்கட்டுரை முடிந்துவிட்டது. கோபி வட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கெழுத்தராகவும் செயலாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரலாறு எனக்குத் தொழில் அன்று, ஓய்வுக்குப் பின் தொற்றிக்கொண்ட பழக்கம். ஆயினும் பேரேடு புரட்டிய கண்ணோடு அம்மன்னரின் கதையைப் படித்தவன் என்ற முறையில், அவருடைய வீழ்ச்சியின் முடிச்சு கடன் கணக்கில் இருக்கிறது என்பதையும், அக்கணக்கின் ஒரு பக்கம் நம் கொங்கு நாட்டையும் தொட்டுச் சென்றது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சில்லறைத் திருத்தங்களை முடித்துவிடுகிறேன். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தப் பேச்சு, பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியின் வாக்காக ரூசோவின் தன்வரலாற்றில் வருகிறது. அப்பகுதியை அவர் எழுதிய காலத்தில் பிற்கால அரசி வியன்னாவில் சிறுமியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பாஸ்டில் சிறையிலிருந்து ‘ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள்’ விடுதலையானார்கள் என்பதும் பிழை. உள்ளே இருந்தவர்கள் ஏழே பேர். அவர்களில் நால்வர் பத்திர மோசடிக்காரர்கள், இருவர் மனநோயாளிகள். அன்றைய நாட்குறிப்பில் மன்னர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியது உண்மைதான். ஆனால் அவருடைய நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. 1789 ஜூலை 14 அன்று வேட்டையில் ஒன்றும் கிட்டவில்லை என்பதே அதன் பொருள். நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் நினைத்ததாக அதை வாசிப்பது, சங்கத்தின் உர இருப்புப் பதிவேட்டைப் பார்த்து ஊர்ச் செய்தி எழுதுவது போன்றது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். லூயி 1754 ஆகஸ்டு 23 அன்று வெர்சாய் அரண்மனையில் பிறந்தார். நம் தீரன் சின்னமலையைவிட இரண்டு வயதுகூட மூத்தவர் அல்லர். அண்ணனும் தந்தையும் அடுத்தடுத்து இறந்ததால் பட்டத்துக்கு உரியவரானார். பாட்டனார் பதினைந்தாம் லூயி பெரியம்மையில் மாண்டதும் 1774 மே 10 அன்று, பத்தொன்பது வயதில் அரியணை ஏறினார். பாட்டனாரைக் கொண்டுபோன நோய்க்கு அஞ்சி ஒளிந்துகொள்ளாமல், அடுத்த மாதமே தாமும் தம் தம்பியரும் அம்மைக் குத்திக்கொள்ளச் செய்தார். அக்காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகக் கருதப்பட்டது. நிலப்படங்களிலும் கடற்பயணங்களிலும் அவருக்கு இருந்த ஈடுபாடும், பட்டறையில் பூட்டு செய்து பழகியதும் கேலிக்குரியவையாகவே நம் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன.

அவர் நிதிப் பொறுப்பில் அமர்த்திய துர்கோ, பதவியேற்ற கையோடு மன்னருக்கு எழுதிய கடிதத்தில் மூன்று உறுதிகளைக் கேட்டார். திவால் கூடாது, புதிய வரி கூடாது, புதுக் கடன் கூடாது. மூன்றையும் காப்பாற்ற வேண்டுமானால் செலவைக் குறைக்க வேண்டும், வரி செலுத்தாதவர்களிடமும் வரி வாங்க வேண்டும். சாலை போடுவதற்குக் குடியானவர்களைக் கூலியின்றி இழுத்துச் சென்ற கட்டாய வேலையை, நம் பழைய ஏடுகள் அமஞ்சி என்று சொல்லும் அதே கொடுமையை, நீக்கிவிட்டு அதற்கு ஈடான தொகையை நிலவுடைமையாளர் அனைவரிடமும் வசூலிக்க 1776-இல் ஆணை பிறப்பித்தார். பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் அரசவையினரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். முதலில் துர்கோவின் பக்கம் நின்ற மன்னர், சில வாரங்களிலேயே மே 12 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார். லூயியின் ஆட்சி முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் பார்த்துவிடலாம் என்பது என் கருத்து. கணக்கைக் காட்டுபவரைத் தேடி அழைத்து வருவார். அவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்வார். சத்தம் எழுந்ததும் கணக்கைக் காட்டியவரையே அனுப்பிவிடுவார்.

துர்கோ எச்சரித்தபடியே அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. 1778-இல் அமெரிக்கக் குடியேற்றங்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிரான்சு, 1783-இல் சமாதானம் ஆகும்வரை நூறு கோடி லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல் செலவழித்தது. அந்தப் பணத்தை, துர்கோவுக்குப் பின் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் புதிய வரி போடாமல் கடனாகவே திரட்டினார். 1781-இல் அவர் அரசின் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். அரசனின் கணக்கை ஊரார் படிப்பது பிரான்சில் அதுவரை இல்லாத புதுமை. புத்தகம் சுடச்சுட விற்றது. அதில் ஏறத்தாழ ஒரு கோடி லிவ்ர் உபரி காட்டப்பட்டிருந்தது. எப்படி வந்தது உபரி? போர்ச் செலவை ‘அசாதாரணச் செலவு’ என்று தனியே ஒதுக்கிவிட்டு, வழக்கமான வரவையும் செலவையும் மட்டும் அவர் காட்டியிருந்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இளநிலையில் பணியாற்றிய ஒரு சங்கத்தில், ஆண்டு முடிவில் இலாபம் காட்டியே தீர வேண்டும் என்பதற்காகத் தவணை தவறிய கடன்களை எல்லாம் வேறொரு தலைப்பில் ஏற்றி, ஐந்தொகையின் கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் போடச் சொன்னார்கள். பேரவைக் கூட்டத்தில் கைதட்டல் விழுந்தது. இரண்டாண்டு கழித்துத் தணிக்கையில் வாராக்கடன் முழுவதும் வெளிவந்தபோது, வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு விடியற்காலையில் வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

பிரான்சிலும் அதுதான் நடந்தது. நெக்கருக்குச் சில ஆண்டுகளின் பின் வந்த கலோன், உபரி என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் பெரும் பற்றாக்குறை இருப்பதை வெளிப்படுத்தி, பிரபு, பாதிரி என்ற வேறுபாடு இன்றி நிலத்தின் மீது ஒரே வரி விதிக்க 1787-இல் நாட்டின் பெரியமனிதர்களைக் கூட்டினார். வரி செலுத்த வேண்டியவர்களையே கூட்டி வரிக்கு ஒப்புதல் கேட்டால் என்ன பதில் வரும்? இரண்டே மாதங்களில் கலோனும் நீக்கப்பட்டார். 1788-க்குத் தயாரிக்கப்பட்ட அரசுக் கணக்கின்படி வரவு 50 கோடியே 30 லட்சம் லிவ்ர், செலவு 62 கோடியே 90 லட்சம் லிவ்ர். அச்செலவில் கடனுக்கும் வட்டிக்கும் மட்டும் 31 கோடியே 80 லட்சம். தங்கள் கட்டுரை புரட்சிக்கே காரணம் என்று சொல்லும் அரண்மனைச் செலவு ஏறத்தாழ மூன்றரைக் கோடி, அதாவது நூற்றுக்கு ஆறு பங்கு. விருந்தை நிறுத்தியிருந்தாலும் வட்டி நின்றிருக்காது. இலங்கை வேந்தனின் கலக்கத்துக்குக் கடன்பட்டவன் நெஞ்சை உவமை சொல்வது நம் வழக்கம். இந்த வேந்தனுக்கு உவமையே தேவைப்படவில்லை.

கொங்கு நாட்டின் தொடர்பு தொடங்குவதும் இந்த 1788-இல்தான். அப்போது கோயமுத்தூரும் சத்தியமங்கலமும் ஈரோடும் தாராபுரமும் சங்ககிரியும் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தன. ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்க்கப் பிரெஞ்சுக் கூட்டணி வேண்டி, திப்பு சுல்தான் முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரைத் தூதர்களாக அனுப்பினார். 1787-இல் புதுச்சேரியில் கப்பலேறியவர்கள் அடுத்த ஆண்டு ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கி, ஜூலை 16 அன்று பாரிசு போய்ச் சேர்ந்தனர். அதற்கு மூன்று நாள் முன்பு பாரிசைச் சுற்றிய பகுதிகளில் பெய்த ஆலங்கட்டி மழை, அறுவடைக்கு நின்ற பயிரை வயலிலேயே அடித்துப் போட்டிருந்தது. தூதர்களின் தலைப்பாகையையும் மஸ்லின் உடையையும் பார்க்கப் பாரிசுத் தெருக்களில் கூட்டம் முண்டியடித்தது. வெர்சாயில் அவர்களை மன்னர் வரவேற்றது ஆகஸ்டு 10 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், 1614-க்குப் பிறகு கூட்டப்படாத முக்குலப் பேரவையை, அதாவது பாதிரியார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று குலத்தாரின் பிரதிநிதிகள் கூடும் அவையை, அடுத்த ஆண்டு கூட்டுவதாக அவர் அறிவித்திருந்தார். வரவேற்புக்குப் பின் ஆறாவது நாள், ஆகஸ்டு 16 அன்று, அரசுக் கருவூலம் ரொக்கமாகப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. வரவேற்பின் பளபளப்பைப் பார்த்த தூதர்களுக்குக் கல்லாப்பெட்டி காலியாக இருந்தது தெரிந்திருக்குமா? திப்பு கேட்ட படைக் கூட்டணி கிடைக்கவில்லை. செவ்ர் தொழிற்சாலையின் பீங்கான் பரிசுகளும், அவர் கேட்டிருந்த கைவினைஞர்களில் சிலரும், விதைகளும் செடிகளும் கிடைத்தன. அவற்றோடு தூதர்கள் 1789 மே மாதம் புதுச்சேரிக்குத் திரும்பிய வேளையில், வெர்சாயில் முக்குலப் பேரவை கூடியிருந்தது.

1789-ஐ எல்லோரும் அறிவார்கள், விரித்து எழுதவில்லை. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். ஜூலையில் பாரிசில் நாலு ராத்தல் ரொட்டி பதினாலரை சூ (ஒரு லிவ்ருக்கு இருபது சூ) விற்றது. கூலியாளின் நாள் வருமானம் இருபது முதல் முப்பது சூ. கூலியில் பாதி ஒரு ரொட்டிக்குப் போனால் மீதிக் குடும்பத்தை எதைக் கொண்டு நடத்துவது? அக்டோபரில் பாரிசுப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வெர்சாய்க்கு நடந்துபோய் அரச குடும்பத்தையே நகருக்கு அழைத்து வந்தது ஏன் என்பது இந்த விலையைப் பார்த்தால் புரியும். மற்றொன்று, பேரவை கூடிய மறுமாதம், ஜூன் 4 அன்று, மன்னரின் ஏழு வயது மூத்த மகன் நோயில் இறந்தான். அந்தத் துக்கத்திலும் மூன்றாம் குலத்தாரின் பிரதிநிதிகள் தம்மைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றபோது, ‘அவர்களில் தகப்பன்மார் யாருமே இல்லையா?’ என்று மன்னர் கேட்டதாகச் சொல்வார்கள். வாக்கெடுப்பு குலவாரியாகவா, தலைவாரியாகவா என்று முடிவு செய்ய வேண்டிய வாரங்களில் அவர் செயலற்றுக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். செயல்பட்டபோது தவறாகவே செயல்பட்டார். மக்கள் நம்பிய நெக்கரை ஜூலை 11 அன்று நீக்கினார், மூன்றாம் நாள் பாஸ்டில் விழுந்தது.

அவருடைய வாழ்வில் தாமாகவே முடிவெடுத்துத் துணிந்து செய்த பெரிய காரியம் 1791 ஜூன் 20 நள்ளிரவில் பாரிசிலிருந்து தப்பியோடியதுதான். பிள்ளைகளின் செவிலி ஒரு சீமாட்டியாக நடித்தார். மன்னர் அச்சீமாட்டியின் பணியாளாக உடுத்தியிருந்தார். பெரிய வண்டி, மெதுவாகத்தான் ஓடியது. சேந்த்-மெனூல் என்ற ஊரில் தபால் குதிரை மாற்றும் இடத்துப் பொறுப்பாளர் துரூவே, உள்ளே இருந்தவரின் முகத்தை அடையாளம் கண்டு, குறுக்கு வழியில் குதிரையை விரட்டி வரேன் ஊருக்கு முன்னதாகவே போய்ப் பாலத்தை மறித்துவிட்டார். அவ்வூர் அதிகாரியாக இருந்த மளிகைக் கடைக்காரர் சோசு என்பவரின் மாடியில் அரச குடும்பம் தங்கவைக்கப்பட்டது. குழந்தைகள் கட்டிலில் தூங்கினார்கள். தான் பணியாளன் என்றே மன்னர் சொல்லிக்கொண்டிருந்தார். வெர்சாயில் முன்பு அவரைப் பார்த்திருந்த உள்ளூர் நீதிபதி ஒருவர் அழைத்துவரப்பட்டார். அம்மனிதர் அறைக்குள் நுழைந்ததும் தம்மை மறந்து மண்டியிட்டுவிட்டார். அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. பாரிசுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது கூட்டம் தொப்பியைக் கழற்றாமல், வாய் திறக்காமல் நின்றது. வசைபாடியிருந்தால்கூட அவருக்கு நம்பிக்கை மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தப்பியோடும் முன் அவர் தம் கைப்பட எழுதி வைத்துப்போன நீண்ட முறையீட்டில், ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டரைக் கோடி லிவ்ர் அரண்மனைக்குப் போதவில்லை என்ற குறையும் உண்டு. ரொட்டி விலையை எண்ணிப்பார்க்கையில், அவர் மேல் எனக்கிருக்கும் பரிவு இந்த இடத்தில் சற்றுக் குறைந்துவிடுகிறது.

இதே காலத்தில் நம் மண்ணில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1790 ஜூலையில் ஆங்கிலப் படை கோயமுத்தூரைப் பிடித்தது. செப்டம்பரில் திப்பு, மைசூரிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் இறங்கும் மலைவழியான கெஜலட்டிக் கணவாய் வழியாகத் தம் படையோடு இறங்கிவந்து, சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயரை எதிர்கொண்டு பின்வாங்கச் செய்தார். மறு ஆண்டு கோயமுத்தூர்க் கோட்டையை மைசூர்ப் படை முற்றுகையிட்டு, நவம்பரில் மீட்டுக்கொண்டது. ஆனால் சீரங்கப்பட்டணத்தையே கம்பெனியும் மராத்தியரும் நிசாமும் நெருக்கிக்கொண்டிருந்த வேளை அது. திப்பு மீண்டும் லூயிக்கு ஆளனுப்பி ஆறாயிரம் பிரெஞ்சு வீரர்களைக் கேட்டார். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த பெர்த்ராந்து த மொல்வில் மன்னரின் மறுமொழியைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இது அமெரிக்க விவகாரத்தைப் போலவே இருக்கிறது, அதை நினைக்கும்போதெல்லாம் வருந்துகிறேன், அன்று என் இளமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அதன் பலனை இன்று அனுபவிக்கிறோம் என்ற கருத்துப்பட மன்னர் சொல்லி மறுத்துவிட்டாராம். கணக்கு கடைசியில் அவருக்கே புரிந்துவிட்டது. அமெரிக்காவுக்காக வாங்கிய கடன் அவரைத் தாக்கிய பின், அதே கடனின் நினைவு கொங்கு நாட்டை ஆண்டவருக்கு வரவேண்டிய படையைத் தடுத்தது. ஆறாயிரம் பேர் வந்திருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன்; அரசவையிலேயே கைதிபோல் இருந்த மன்னர் எப்படி அனுப்பியிருக்க முடியும் என்பதும் கேள்விதான். நடந்தது, 1792 மார்ச்சு உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார், பிள்ளைகள் இருவரைப் பிணையாகக் கொடுத்தார், சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனிக்குப் போயின. எஞ்சிய கோயமுத்தூர்ப் பகுதியும் 1799-இல் அவர் மாண்டதும் போயிற்று. 1805-இல் சின்னமலையைத் தூக்கிலிட்டது அந்தச் சங்ககிரியில்தான்.

லூயியின் முடிவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1792 ஆகஸ்டு 10 அன்று, திப்புவின் தூதர்களை வரவேற்ற நாளுக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்த அன்று, பாரிசு மக்கள் அரண்மனையைத் தாக்கினர். காவலுக்கு நின்ற சுவிசு வீரர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். மன்னர் சிறை வைக்கப்பட்டார். நவம்பரில் அரண்மனைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டகம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அமைக்க உதவியவர், மன்னருக்குப் பூட்டுத் தொழில் கற்றுக்கொடுத்த அதே காமேன், காட்டிக்கொடுத்தவரும் அவரே. உள்ளே இருந்த கடிதங்கள், புரட்சியின் எதிரிகளோடு மன்னர் இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்ததை வெளிப்படுத்தின. ஆகவே அவரைக் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. அரசியலமைப்புக்கு உறுதிமொழி கொடுத்துவிட்டு மறைவில் வேறாக நடந்தார். விசாரணையின் இறுதியில் வாக்களித்த 721 பேரில் நிபந்தனையின்றி மரணம் கோரியவர்கள் 361 பேர். அவர்களில் மன்னரின் உறவினரான ஓர்லியான் பிரபுவும் ஒருவர். 1793 சனவரி 21 காலையில், முப்பத்தெட்டு வயதில், தாம் குற்றமற்றவராகச் சாவதாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவரின் குரல் முரசொலியில் அமிழ்ந்தது. அவருக்காக வாதாடிய முதியவர் மால்செர்பும் அடுத்த ஆண்டு அதே கத்திக்கு இரையானார்.

என் மகள்வழிப் பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கையில் எட்டிப் பார்த்து, “ஏனுங் அப்பிச்சி, அத்தனை கெட்டவரு இல்லீன்னா எதுக்குங் வெட்டுனாங்க?” என்று கேட்டாள். விசாரணையில் வாக்குமூலம் பெறச் சித்திரவதை செய்யும் வழக்கத்தை 1780-இல் ஒழித்தவர் அவர் என்பதையும், 1787-இல் புராட்டஸ்டண்டுகளுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைச் சட்டப்படி பதியும் உரிமையை வழங்கியவர் அவர் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். வாராக்கடன் வரிசையில் நின்றவர்களைப் பற்றியும் சொன்னேன். அவள் பாடநூலில் பிரெஞ்சுப் புரட்சி ஒரு பாடம், மைசூர்ப் போர்கள் வேறொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கப்பல் போய்வந்த செய்தி எங்கும் இல்லை.

தாங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் கேக்கையும் பாஸ்டிலையும் பற்றிய திருத்தங்களை வெளியிட வேண்டுகிறேன். மேலும் ஒரு வேண்டுகோள். பவானிசாகர் அணையில் நீர் வற்றி, மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரியும்போதெல்லாம் நாளிதழ்கள் படம் வெளியிடுவது வழக்கம். கெஜலட்டியிலிருந்து இறங்கிய படை எந்த வழியில் வந்தது, எந்த ஆண்டு வந்தது, அதை நடத்திவந்தவர் யாரிடம் உதவி கேட்டுக் காத்திருந்தார் என்பதை அடுத்த முறை அந்தப் படத்தின் கீழ் இரண்டு வரியில் சேர்த்து வெளியிட்டால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.